மேற்கே இடி, கிழக்கே கடல்: சென்னைக்கு வரும் மாலை மழையை மாடியிலிருந்து பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம், மாலை 4 மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இந்த நேரத்தில் ஒருவர் "ராத்திரி 8 மணிக்கு நம்ம ஏரியாவுல இடியோட மழை" என்று சொன்னால் தெருவே சிரிக்கும். ஆனால் பல நாட்களில் அதைச் சொல்ல முடியும். நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தப்பாகவும் சொல்லியிருக்கிறேன். கைப்பேசி, மொட்டை மாடி, ஒரு நோட்டு, இவ்வளவு போதும்.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் தென்மேற்குப் பருவக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைப்பது சுமார் 44 செ.மீ. அது பெரும்பாலும் வெப்பச்சலனத்தால் வரும் மாலை, இரவு நேர இடிமழைதான். இந்த வழிகாட்டி அந்த நான்கு மாதங்களுக்கானது. அக்டோபரிலிருந்து கடல் வழியாக வரும் வடகிழக்குப் பருவமழையின் குணமே வேறு. அங்கே இதைப் பொருத்திப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இடிமழையை முந்தைய நாளே மணி குறித்துச் சொல்ல முடியாது. காலையில் தெரிவது வாய்ப்பு மட்டும். மதியத்துக்கு மேல் எந்தப் பக்கம் கிளம்பும் என்று தெரியும். மாலையில்தான் நேரம் தெரியும். இந்த வரிசையை மீறி, காலை 9 மணிக்கே "இன்று இரவு 7.30" என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம்.

மேகத்துக்கு என்ன வேண்டும்

மூன்று வேண்டும். காற்றில் ஈரம், மேலே போகப் போக வேகமாகக் குளிரும் வானம், அந்த ஈரக் காற்றை முதலில் மேலே தள்ளிவிட ஒரு கை. ஈரமும் சூடும் நமக்குப் பெரும்பாலான நாட்களில் இருக்கின்றன. தள்ளிவிடும் கைதான் பற்றாக்குறை. அது மூன்று வழியில் கிடைக்கும்: ஜவ்வாது மலை, திருப்பதி, நகரிப் பக்கத்து மலைகள்; கடலிலிருந்து உள்ளே நகரும் கடற்காற்றின் முனை; ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும் இன்னொரு மழையிலிருந்து வெளியே ஓடும் குளிர்காற்று. இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு மழையைக் கொண்டுவருவது பெரும்பாலும் அதுதான்.

காலை: பலூன் என்ன சொல்கிறது

மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை பலூன் விடுகிறது. காலை 5.30, மாலை 5.30. உலக வானிலைக் கணக்கில் இது 00, 12 மணி. இங்கேயே ஒரு எச்சரிக்கை: வானிலைப் படங்களில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ரேடார் படத்தில் 11:20 என்றிருந்தால் நம் கடிகாரத்தில் மாலை 4.50. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பலூன் தரும் விவரங்களை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சென்னையின் நிலைய எண் 43279. எண்கள் குவிந்து கிடக்கும். பயப்பட வேண்டாம், நான்கை மட்டும் பாருங்கள்.

ஒன்று, காற்றுத் தூணில் உள்ள மொத்த ஈரம். மில்லிமீட்டரில் கொடுத்திருப்பார்கள். 50-ஐத் தாண்டினால் எனக்கு நம்பிக்கை வரும். 40-க்குக் கீழே என்றால் அன்றைக்கு வேறு வேலை பார்ப்பேன். இது என் நோட்டிலிருந்து வந்த கணக்கு, சட்டம் அல்ல.

இரண்டு, 'கேப்' என்று எல்லோரும் சொல்லும் எண். மேலேறும் காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் அது. 1000-க்குக் கீழே சுமார், 2500-க்கு மேலே பலம். மூன்றாவது 'சின்', அதாவது அந்த ஆற்றலை அடைத்து வைத்திருக்கும் மூடி. காலையில் மூடி கனமாக இருப்பது சகஜம். மதிய வெயில் அதைக் கரைக்கும். கேப் 3500 இருந்தும் மூடி கரையாமல், வானம் வெறித்துக்கொண்டே போன நாட்கள் என் நோட்டில் நிறைய உண்டு. கேப்பை மட்டும் பார்த்துத் துள்ளிக் குதிக்காதீர்கள்.

நான்காவதுதான் முக்கியம்: காற்றழுத்தம் 700, 500 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் மட்டங்களில் காற்றின் திசை. தரையிலிருந்து சுமார் 3 கி.மீ., சுமார் 6 கி.மீ. உயரம். மேகத்தை ஓட்டிக்கொண்டு போவது இந்தக் காற்று. அங்கே மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து 15, 20 நாட் (மணிக்குச் சுமார் 28, 37 கி.மீ.) வேகத்தில் வீசினால், ராணிப்பேட்டையிலோ சித்தூரிலோ கிளம்பும் மழை நம் பக்கம் நகரும். காற்று செத்துக்கிடந்தால் மழை கிளம்பிய இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும்.

இதற்கு நேர்மாறாகத் தாழ்நிலைக் காற்று அளவுக்கு மீறிப் பலமாக இருந்தாலும் ஆபத்துதான். கேரளத்தில் பருவமழை வெளுத்து வாங்கும் நாட்களில் மலையைத் தாண்டி வரும் மேற்குக் காற்று நமக்கு வறட்டுக் காற்றாக வீசும். கடற்காற்றை உள்ளே விடாது. அங்கே பருவமழை ஓய்வெடுக்கும்போதுதான் தமிழ்நாட்டில் இடிமழை கூடும். ஆகவே செய்தியில் "கேரளத்தில் மழை குறைந்தது" என்று கேட்டால் நான் மாடிப்படியைக் கூட்டி வைப்பேன்.

மாடல்களை, அதாவது கணினி போடும் வானிலைக் கணிப்புகளைப் பற்றி ஒரு வரி. ஐரோப்பிய மாடலும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ்ஸும் ஒரு தனி இடிமேகத்தைப் பிடிக்கும் அளவுக்கு நுணுக்கமானவை அல்ல. சுமார் 10 கி.மீ. கட்டங்களில் கணக்கிடுகிறவை அவை. வட தமிழகம் முழுக்க மழைநிறம் காட்டினால் நல்ல நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெரு மேல் இருக்கும் நீலப் பொட்டை நம்பி வடாம் காயப்போடுவதை நிறுத்தாதீர்கள்.

மதியம்: கடற்காற்று எப்போது வந்தது

மீனம்பாக்கம் விமான நிலையம் அரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் 'மீட்டார்' என்ற வானிலைக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று 270 டிகிரி என்றால் மேற்கிலிருந்து வருகிறது. திடீரென 110, 120 என்று மாறினால் கடற்காற்று விமான நிலையத்தைத் தொட்டுவிட்டது. கூடவே வெப்பம் சில டிகிரி இறங்கும், காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை வெப்பம் ஏறும். அதாவது புழுக்கம் கூடும்.

கடற்காற்று தாமதமாகும் நாட்களில்தான் நகரம் வறுபடுகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னையின் உச்சம் அதுதான். அந்த அளவு வேண்டாம், 39, 40 டிகிரியே மேகத்துக்குத் தாராளம்.

கடற்காற்று 11 மணிக்கே வந்துவிட்டால் அதன் முனை மாலைக்குள் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தாண்டி உள்ளே போய்விடும். எதிரே வரும் மேற்குக் காற்றோடு அது மோதும் கோட்டில் காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலேதான் ஏற வேண்டும். மேகம் அங்கே வெடிக்கும். 3 மணிக்கு மேல் தாமதமாக வந்தால் மோதல் நகரத்துக்கு அருகிலேயே நடக்கும். எது நல்லது? ஆவடிக்காரருக்கு ஒரு பதில், திருவான்மியூர்க்காரருக்கு வேறு பதில். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. குளிர்ந்த கடற்காற்று பல மணி நேரம் படர்ந்துவிட்ட இடத்துக்கு மழை வந்து சேரும்போது சில நாள் அது சுருண்டுவிடும், சில நாள் இன்னும் வெறிபிடிக்கும். இந்தக் கலையிலேயே கடினமான இடம் இதுதான். இன்றும் பாதி நாள் நான் தோற்கிறேன்.

இந்த நேரத்தில் செயற்கைக்கோள் படத்தையும் ஒருமுறை பாருங்கள். இன்சாட் படங்கள் அரை மணிக்கு ஒன்று வரும். பகலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படம்தான் நல்லது. மலைகளின் மேல் பொரிப்பொரியாக மேகம் தெரிய ஆரம்பித்தால் மூடி கரைகிறது என்று அர்த்தம். 2 மணிக்குள் வட மாவட்டங்கள் முழுக்கக் கனத்த மேகம் மூடியிருந்தால் சந்தேகப்படுங்கள். நிழலில் தரை சூடேறாது.

மாலை: ரேடாரோடு உட்காரும் நேரம்

சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் எஸ்-பேண்ட் (அலைநீளம் கூடிய) ரேடார் 2002-ல் வந்தது. நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடார் அது. பள்ளிக்கரணையில் ஒரு எக்ஸ்-பேண்ட் ரேடாரும், ஸ்ரீஹரிகோட்டாவிலும் காரைக்காலிலும் ரேடார்களும் இருக்கின்றன. எக்ஸ்-பேண்ட் படம் அருகில் கூர்மை. ஆனால் அதன் அலைநீளம் குறைவு என்பதால் முன்னால் ஒரு கனமழை நின்றால் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். மேற்கே மழை காணாமல் போய்விட்டதே என்று வருந்துவதற்கு முன் எஸ்-பேண்ட் படத்தையும் பார்த்துவிடுங்கள்.

நிறங்கள் டிபிஇசட் என்ற அளவில் இருக்கும். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் பலம் அது. 20 என்றால் தூறல், 40 என்றால் நல்ல மழை, 50-க்கு மேல் கொட்டு கொட்டென்று கொட்டும், 60-ஐத் தொட்டால் ஆலங்கட்டிக்கும் வாய்ப்பு. ஒவ்வொரு 10-க்கும் பலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதால் 45-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

'மேக்ஸ்-இசட்' படத்தில் மேலேயும் வலப்பக்கமும் இரண்டு பட்டைகள் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மேகம் எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்பது அதில் தெரியும். 8 கி.மீ. என்றால் இன்னும் குழந்தை. 15 கி.மீ. தாண்டினால் சீரியஸ். ஆனால் மேக்ஸ்-இசட் காட்டுவது அந்தத் தூணில் எங்கேயாவது இருக்கும் அதிகபட்சத்தை. தரையில் விழும் மழையை அல்ல. தூரம் கூடக் கூட ரேடார் கதிர் உயர்ந்துகொண்டே போகும். அரை டிகிரி சாய்வில் அனுப்பினாலும் 200 கி.மீ. தொலைவில் அது 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். வேலூருக்கு அப்பால் நடப்பதைப் பற்றி அடித்துப் பேச வேண்டாம்.

இப்போது கணக்கு. முக்கால்வாசிப் பேர் ஒரு சிவப்புப் பொட்டைப் பிடித்துக்கொண்டு "இது நம்ம வீட்டுக்கு வருமா" என்று பார்க்கிறார்கள். வராது. தனியாக நிற்கும் ஓர் இடிமேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி. ராணிப்பேட்டை 110 கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த மேகம் வழியிலேயே செத்துவிடும். ஆனால் சாகும்போது அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, முன்னால் இருக்கும் சூடான ஈரக் காற்றை நெம்பிப் புது மேகத்தைக் கிளப்பும். அது இன்னொன்றைக் கிளப்பும். உங்கள் வீட்டுக்கு வருவது அந்தச் சிவப்புப் பொட்டு அல்ல, அதன் பேரப்பிள்ளைகள்.

அதனால் பொட்டைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். தனித்தனி மேகங்கள் வடக்கு-தெற்காக ஒரு கோட்டில் சேர்கின்றனவா? கோட்டின் கிழக்கு ஓரத்தில் புதுப்பொட்டுகள் முளைக்கின்றனவா? நிறம் அந்த ஓரத்தில் கூர்மையாகவும் மேற்குப் பக்கம் மங்கலாகவும் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.

பிறகு கிழக்கு ஓரத்தை 30 நிமிட இடைவெளியில் இரண்டு படங்களில் குறியுங்கள். 5 மணிக்கு இருந்த இடத்திலிருந்து 5.30-க்குள் 18 கி.மீ. நகர்ந்திருந்தால், மணிக்கு 36 கி.மீ. மீதி 60 கி.மீ. என்றால் 100 நிமிடம், அதாவது 7.10. வெளியே சொல்லும்போது "6.50-லிருந்து 7.40-க்குள்" என்று சொல்லுங்கள். 6.30-க்கு மறுபடி அளந்து திருத்துங்கள். பத்து நிமிட இடைவெளியில் அளக்காதீர்கள், பிழை பெரிதாகிவிடும்.

இன்னும் ஒரு நுட்பம். தாழ்வான சாய்வில் எடுத்த படத்தில் கரைக்கு இணையாக 10, 15 டிபிஇசட்டில் நூல் போல ஒரு கோடு தெரியும். மழை இல்லை. கடற்காற்றின் முனையில் சேரும் பூச்சிகளும் தூசியும். அதே போன்ற நூல்வளையம் மழைக்கு முன்னாலும் ஓடும். அதுதான் நான் சொன்ன குளிர்காற்றின் விளிம்பு. இரண்டு நூல்களும் சந்திக்கப்போகும் இடத்தில் புது மேகம் கிளம்ப நல்ல வாய்ப்பு. அதை முன்கூட்டியே பார்த்துச் சொல்லி, அது நடந்துவிட்டால் வரும் சந்தோஷத்துக்கு விலையில்லை.

ஆனால் அந்தக் குளிர்காற்று மழையை விட்டுவிட்டு வெகுதூரம் முன்னே ஓடிவிட்டால் கதை முடிந்தது. மழைக்கு வரவேண்டிய சூடான காற்றை அது அடியிலேயே வெட்டிவிடும். ஒருமுறை எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்ஆப் குழுவில் "7 மணிக்குக் கனமழை, துணி எடுத்துவிடுங்கள்" என்று போட்டேன். 6.20-க்கே புழுதியோடு காற்று அடித்தது. எல்லோரும் கட்டைவிரல் தூக்கினார்கள். அவ்வளவுதான். ஒரு சொட்டு விழவில்லை. ரேடாரில் அந்த நூல் மழையைவிட 30 கி.மீ. முன்னால் வந்துவிட்டதைக் கவனிக்காமல் விட்டது என் தப்பு. மூன்றாம் மாடி மாமி இன்றுவரை, "என்ன தம்பி, இன்னிக்கு வடாம் போடலாமா?" என்றுதான் என்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்.

கண்ணால் பார்ப்பது

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தவர்கள் ஒன்றில் ஏமாறுவார்கள். இடிமேகத்தின் உச்சி, கொல்லன் பட்டறைக் கல் போலத் தட்டையாக முன்னால் விரியும், அது முதலில் வந்து வெயிலை மறைக்கும் என்று அவற்றில் இருக்கும். நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடப்பது தலைகீழ். 14, 15 கி.மீ.க்கு மேல் கிழக்கிலிருந்து மேற்கே பலமான காற்று ஓடுகிறது. மழை கிழக்கே நகரும், மேகத்தலை மேற்கே இழுபடும். அதனால்தான் மழை 30 கி.மீ. தொலைவுக்கு வந்த பிறகும் நம் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறது. இரவில் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்தால், வெள்ளைத் திட்டு மேற்கே விலகுவது போலத் தோன்றி, "போச்சு" என்று படுத்துவிடுவீர்கள். அரை மணியில் ஜன்னல் படபடக்கும்.

இதற்கு இன்னொரு பலனும் உண்டு. கனமழைக் கோடு கடந்த பிறகு, பின்னால் இழுபட்ட அந்தப் பரந்த மேகத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் நிதானமாகப் பெய்துகொண்டே இருக்கும். "அந்தி மழை அழுதாலும் விடாது" என்று சொல்லிவைத்தவர்கள் ரேடார் பார்க்கவில்லை, ஆனால் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

இருட்டிய பிறகு மேற்கு அடிவானத்தில் சத்தமில்லாமல் மின்னல் தெரிந்தால் மழை இன்னும் தூரத்தில் இருக்கிறது. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். மின்னல்களை வரைபடத்தில் பார்க்க, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி உதவும். ஆர்வலர்களே உணர்கருவி வைத்து நடத்தும் 'பிளிட்ஸோர்டுங்' தளமும் உண்டு. சில கைப்பேசிகளில் காற்றழுத்தமானி இருக்கிறது. குளிர்காற்று வந்து மோதும்போது அழுத்தம் ஓரிரு ஹெக்டோபாஸ்கல் குபீரென ஏறும். ஆனால் நம் பகுதியில் அழுத்தம் எந்த நாளும் மாலை 4 மணிவாக்கில் இறங்கி இரவு 10 மணிவாக்கில் ஏறும் என்பதால், மெதுவாக நடக்கும் ஏற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எப்போது கீழே இறங்க வேண்டும்

இதில் விளையாட்டு இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 நொடி, அதாவது 10 கி.மீ. அதற்குள் வந்துவிட்டால் மாடியை விட்டு இறங்கிவிட வேண்டும். மழை இன்னும் வரவில்லையே என்பது காரணம் அல்ல. மழை விழும் இடத்துக்குப் பல கிலோமீட்டர் வெளியேயும் மின்னல் தாக்கும். தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கொடிக்கம்பி, கைப்பிடிச் சுவர் பக்கம் நின்று வீடியோ எடுக்க வேண்டாம். வெளியில் மாட்டிக்கொண்டால் மரத்தடி வேண்டாம். மூடிய கார் பாதுகாப்பு, இருசக்கர வண்டி பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மேலே.

அப்புறம், நீங்கள் சொல்வது உங்கள் கணிப்பு, எச்சரிக்கை அல்ல. குழுவில் போடும்போது வானிலைத் துறையின் மூன்று மணி நேர எச்சரிக்கையையும் சேர்த்தே போடுங்கள். நம் கட்டைவிரல் கணக்குகள் மழை வருமா, எப்போது என்பதைத்தான் ஓரளவு சொல்லும். எவ்வளவு பெய்யும் என்பதில் அவை கைவிட்டுவிடும். 2023 ஜூன் 18 இரவு தொடங்கிய மழை மறுநாள் காலைக்குள் மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. கொட்டியது. 1996 ஜூன் நடுவில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 35 செ.மீ. பதிவானது. இப்படிப்பட்ட இரவுகளில் மாடி ஆர்வலர் வாயை மூடிக்கொண்டு வானிலை மையம் சொல்வதைப் பகிர்வதே நல்லது.

மறுநாள் காலை 8.30

மழைமானி வாங்கிவிடுங்கள். விலை அதிகமில்லை. சுவர் நேராக இருக்கும், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவும் போதும். ஒரு மி.மீ. என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பக்கத்தில் இருக்கும் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கிறது, நீங்களும் அதே நேரத்துக்கு அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

நோட்டில் நான் வைத்திருப்பவை: பலூனின் நான்கு எண்கள், கடற்காற்று வந்த நேரம், முதல் மேகம் வெடித்த ஊர், நான் சொன்ன நேரம், மழை வந்த நேரம், மி.மீ. இதில் 'நான் சொன்ன நேரம்' மழைக்கு முன்பே பேனாவால் எழுதப்பட்டிருக்க வேண்டும். பென்சில் கூடாது. மழை வராத நாட்களையும் எழுதுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் புரட்டினால் உங்கள் ஏரியாவின் குணம் தெரியும். என் வீட்டுக்குத் திருத்தணிப் பக்கம் கிளம்பும் மழை வந்துசேர்ந்த அளவுக்கு, செய்யாறு பக்கம் கிளம்பியது வந்ததில்லை. அதை எந்த மாடலும் எனக்குச் சொல்லவில்லை.

கணிப்பு பொய்த்த இரவுகளின் ரேடார் படங்கள்தான் பின்னால் அதிகம் தேவைப்படும். படுக்கப்போகும் முன்பே அவற்றைச் சேமித்துவிடுங்கள். தளத்தில் பழைய படத்தின் மேல் புதிய படம் ஏறிக்கொண்டே இருக்கும், காலையில் தேடினால் கிடைக்காது.